ஆசாரியை மறுபடி கூப்பிட்டபோது: குழந்தைகளைப் படம் எடுக்க வருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் மாவட்டத்துப் போட்டோ, வீடியோ கலைஞர்கள் சங்கத்துக்கும், சங்கத்தில் சேராமலே கேமராவைத் தூக்கிக்கொண்டு விசேஷ வீடுகளுக்கு வரும் தம்பி, தங்கைகளுக்கும்,

வணக்கம். நான் திண்டுக்கல் மாவட்டத்தில் 28 வருடம் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். போன வைகாசியில் என் மகன் வயிற்றுப் பேத்திக்கு முடியிறக்கிக் காது குத்தினோம். பிள்ளைக்கு அப்போது 11-ஆவது மாதம். காலையில் நத்தம் பக்கம் குலதெய்வம் கோவிலில் சடங்கு, மதியம் திண்டுக்கல்லில் ஒரு மண்டபத்தில் சாப்பாடு. படம் எடுக்க ஐந்து பேர் வந்திருந்தார்கள். போட்டோவுக்கு ஒருவர், வீடியோவுக்கு ஒருவர், யாரையும் நிற்கச் சொல்லாமல் இயல்பாக எடுக்கிற கேண்டிட்டுக்கு ஒருவர், ட்ரோனுக்கு ஒருவர், லைட் பிடிக்க ஒரு பையன்.

தாய்மாமன் மடியில் உட்காரவைத்து ஆசாரி இரண்டு காதையும் குத்தினார். பிள்ளை மூச்சடைக்க அழுதாள். என் மருமகள் அவளை வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கோவிலுக்குப் பின்பக்கம் போய்விட்டாள். வேப்பமரத்து நிழலில் நடந்து நடந்து, அம்மாச்சி வாழைப்பழம் மசித்து ஊட்டி, கால் மணி நேரத்தில் அழுகை விம்மலாகக் குறைந்தது. அப்போது வீடியோ எடுத்த தம்பி வந்தார். "அம்மா, குத்துற நேரத்துல யாரோ தலையை நீட்டி மறைச்சுட்டாங்க. ஆசாரியை மறுபடி ஒரு தடவை வரச் சொல்லுங்க. குத்த வேணாம், கம்பியைக் காதுகிட்ட வச்சா போதும். ரெண்டு செகண்ட்தான்" என்றார்.

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த வீட்டில் பெரியவள் நான். நானும் சொல்லவில்லை. பிள்ளையைத் திரும்பவும் மாமன் மடியில் வைத்தார்கள். ஆசாரி குனிந்ததும் அவர் முகத்தைப் பார்த்து அவள் போட்ட சத்தம் முதல் தடவை போட்ட சத்தத்தைவிடப் பெரியது. முதலில் நடந்தது என்னவென்று அவளுக்குத் தெரியாது. இந்தத் தடவை தெரியும். அந்த ரெண்டு செகண்ட் இப்போது எங்கள் வீட்டு வீடியோவில் மேளச் சத்தத்தோடு மெதுவாக ஓடுகிறது. அதை நான் ஒரு தடவைதான் பார்த்தேன்.

அன்றைக்கு வந்தவர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் யார், எந்த ஸ்டுடியோ என்று சொல்லப்போவதும் இல்லை. மரியாதையான பிள்ளைகள். சாப்பிடக்கூட நேரமில்லாமல் நின்றார்கள். "மாமா வீட்டுச் சீர் படத்துல இல்லையே" என்று யாராவது கேட்டுவிட்டால் பாக்கிப் பணம் வராது என்கிற பயம் அவர்களுக்கு உண்டு. ஒரு குழந்தையை எவ்வளவு நேரம் கேமரா முன்னால் வைக்கலாம், எப்படி வைக்கலாம் என்பதைப் பற்றி நம் ஊரில் யாரும் உட்கார்ந்து பேசியதில்லை. அதைப் பேசத்தான் இந்த மடல். நீங்கள் குடும்பத்தாரிடம் சொன்னால் கேட்பார்கள். அப்பத்தா சொன்னால் "உங்க காலம் வேற" என்பார்கள்.

அன்றைய நாளைக் கடிகாரத்தில் வைத்துச் சொல்கிறேன். காலை நாலரைக்குத் தூங்குகிற பிள்ளையை எழுப்பினோம், விடிகிற வெளிச்சத்தில் எடுத்தால் நன்றாக இருக்கும் என்று கேட்டதால். ஐந்தரைக்கு வேன். ஆறரைக்குக் கோவில் புளியமரத்தடியில் அப்பா அம்மாவோடு படம், தலைக்கு மேலே ட்ரோன். ஏழரைக்கு முடியிறக்கம். எட்டே முக்காலுக்குக் காதுகுத்து. பிறகு அந்த இரண்டாவது காதுகுத்து. பதினோரு மணிக்கு மண்டப வாசலில் செண்டை மேளத்தோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நுழைகிற காட்சி, புகை மெஷின், பேப்பர் வெடி. அதற்குப் பிறகு இரண்டரை மணி வரை மேடை. மொய் எழுதிவிட்டு வருகிற ஒவ்வொரு குடும்பமும் பிள்ளையோடு நின்று ஒரு படம். இத்தனைக்கும் நடுவில் அவள் தூங்கியது வேனில் இருபது நிமிடம்.

சம்பளத்துக்கு நடிக்கிற குழந்தைகளுக்கு நம் நாட்டில் விதி இருக்கிறது. 1986-ஆம் வருடத்துக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 2017-இல் திருத்தி எழுதிய விதிகள், ஒரு குழந்தை நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் நடிக்கக் கூடாது, ஓய்வு இல்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கின்றன. மாவட்ட ஆட்சியரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். வீட்டு விசேஷத்துக்கு அந்த விதி பொருந்தாது, பொருந்தவும் வேண்டாம். ஆனால் விளம்பரத்தில் சோப்புக்குச் சிரிக்கிற பிள்ளைக்குக் கிடைக்கும் ஓய்வு, சொந்தக் காதுகுத்தில் என் பேத்திக்குக் கிடைக்கவில்லை. ஆறரையிலிருந்து இரண்டரை வரை எட்டு மணி நேரம் அவள் கேமரா முன்னால் இருந்தாள்.

சரி, பிள்ளையின் பக்கம் வருகிறேன். அது எனக்குத் தெரிந்த பக்கம்.

பதினோரு மாதம் என்பது வேற்றுமுகம் பார்க்கிற வயது. எட்டு, ஒன்பது மாதம் வரை யார் தூக்கினாலும் சிரித்த பிள்ளை, அதற்குப் பிறகு தெரியாத முகத்தைப் பார்த்தால் அம்மா கழுத்தைக் கட்டிக்கொள்ளும். ஒன்றரை, இரண்டு வயது வரைகூட இது நீடிக்கும். இது பிடிவாதம் இல்லை, கூச்ச சுபாவமும் இல்லை. நம்மவர் யார், அயலார் யார் என்று பிரித்துப் பார்க்கிற அறிவு வந்துவிட்டதற்கு அடையாளம். அங்கன்வாடியில் அழுகிற பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற தாயிடம் நான், "அழுதா நல்லதும்மா, உன்னைத் தெரியுதுன்னு அர்த்தம்" என்று சொல்வேன். நம் ஊரில் காதுகுத்தும் முதல் பிறந்தநாளும் சரியாக இந்த வயதில்தான் வருகின்றன. தெரியாத முகத்துக்குப் பயப்படுகிற வயதில் ஐந்து தெரியாத முகங்களை முன்னால் நிறுத்துகிறோம். அதிலும் மூன்று முகத்துக்கு முகமே இல்லை, கறுப்பாக ஒரு குழாய்தான் இருக்கிறது.

இதைச் சொல்லும்போது 1974-இல் என் தம்பியைப் படம் எடுத்தது ஞாபகம் வருகிறது. எனக்குப் பத்து வயது, அவனுக்கு எட்டு மாதம். திண்டுக்கல் கடைவீதிப் பக்கம் மாடியில் ஒரு ஸ்டுடியோ. திரைச்சீலையில் வரைந்த ஏரி, ஒரு மரக்குதிரை, கம்பளி விரித்த பெஞ்சு. அந்தக் காலத்தில் எல்லார் வீட்டுப் பெட்டியிலும் இருக்குமே, குப்புறப் படுத்துக்கொண்டு தலையைத் தூக்கிப் பார்க்கிற பிள்ளை, அந்தப் படத்துக்காகப் போனோம். போட்டோக்காரரின் கேமரா ஒரு பெட்டி மாதிரி, முன்னால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கண். அவர் அதை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மேலிருந்து குனிந்து பார்ப்பார். பார்த்துவிட்டு நிமிர்வார். நிமிர்ந்தால் அவர் முகம் முழுசாக என் தம்பிக்குத் தெரியும். மீசையை ஒருமாதிரி அசைப்பார். அவன் அந்த மீசையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அவர் முதலில் கேமராவைத் தொடவே இல்லை. அம்மாவுக்கு மோர் கொடுக்கச் சொன்னார். தம்பிக்குப் பால் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். அவன் கம்பளியின் நூலைப் பிடுங்கி விளையாடினான், அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நேரம் இருந்திருப்போம். எடுத்தது இரண்டே படம். அந்த வகைக் கேமராவுக்கு ஒரு சுருளில் பன்னிரண்டு படம்தான் வரும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். பன்னிரண்டை வீணாக்க முடியாது, அதனால் அவர் பிள்ளைக்காகக் காத்திருந்தார். இன்றைக்கு உங்கள் கேமராவில் இருக்கும் சின்ன அட்டையில் ஆயிரக்கணக்கில் படம் அடங்கும். எண்ணி எடுக்க வேண்டிய தேவை இல்லை. அதனால் பிள்ளை உங்களுக்காகக் காத்திருக்கிறது.

அந்தக் காலமே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கும் முந்தைய காலம் இன்னும் கஷ்டமாக இருந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் எடுத்த சில குழந்தைப் படங்களை என் மகன் ஒருநாள் காட்டினான். அப்போது ஒரு படம் பதிவாகப் பல விநாடி ஆகுமாம், பிள்ளை அசைந்தால் மங்கிவிடும். அதனால் அம்மா தலையோடு துணியைப் போர்த்திக்கொண்டு நாற்காலி மாதிரி உட்கார்ந்து பிள்ளையை மடியில் பிடித்திருப்பாள். சில படங்களில் துணிக்கு அடியிலிருந்து விரல்கள் எட்டிப் பார்க்கின்றன. முகம் மூடிய அந்த அம்மா மடியில் பிள்ளை நிம்மதியாக இருக்கிறது. அம்மாவின் சூடு, அம்மாவின் வாசனை, அது போதும் அதற்கு. பிள்ளையை அமைதியாக வைக்கும் வழி அன்றும் இன்றும் அம்மா மடிதான்.

உங்கள் கேமராக்கள் இன்று செய்கிற வேலை அந்த மீசைக்காரருக்குக் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன். பின்பக்கத் திரையை மேல்நோக்கித் திருப்பி வைத்துக்கொள்ளலாம். கண் எங்கே இருக்கிறது என்று கேமராவே தேடிப் பிடிக்கிறது. சத்தமே இல்லாமல் படம் எடுக்கிறது. அப்படியென்றால் கேமராவை முகத்திலிருந்து இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, தரையில் பிள்ளைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிள்ளையோடு பேசிக்கொண்டே எடுக்க முடியுமே தம்பி. கேமராவும் பிள்ளையின் கண் உயரத்துக்கு வந்துவிடும். உங்கள் முகமும் அதற்குத் தெரியும்.

அன்றைக்கு இதைச் செய்தது அந்த லைட் பிடித்த பையன்தான். பத்தொன்பது வயது இருக்கும். பந்தி நடக்கும்போது, மேடையில் ஏதோ லைட்டை மாற்றிக்கொண்டிருந்த பத்து நிமிடத்தில், பேத்தியைச் சாப்பாட்டு ஹாலின் ஓரத்தில் பாய் போட்டு உட்காரவைத்திருந்தோம். பட்டுப்பாவாடையைக் கழற்றிவிட்டு உள்ளே போட்டிருந்த பருத்திச் சட்டையோடு இருந்தாள். அந்தப் பையன் தண்ணீர் குடிக்க வந்தவன், பிள்ளையிடம் நேராக வராமல், இரண்டு கை தள்ளி உட்கார்ந்து ஒரு எவர்சில்வர் டம்ளரைத் தரையில் உருட்டிவிட்டான். அது வளைந்து வளைந்து ஓடி அவன் பக்கமே திரும்பியது. அவள் பார்த்தாள். மறுபடி உருட்டினான். மூன்றாவது தடவை டம்ளர் அவள் காலில் முட்டியது. அவள் அதை எடுத்துத் தரையில் தட்டினாள். அவன் இன்னொரு டம்ளரை எடுத்துத் தரையில் தட்டினான். அவள் தட்ட, அவன் தட்ட, கடைசியில் கலகலவென்று சிரித்துவிட்டாள். மொட்டைத் தலை, காதில் புதுக் கம்பி, கன்னத்தில் காய்ந்த கண்ணீர்த் தடம். அவன் தன் மொபைலில் ஒரே ஒரு படம் எடுத்தான். அப்புறம் அதை என் மகனுக்கு அனுப்பினான். 12-க்கு 36 அங்குல ஆல்பத்தில் நாற்பது ஷீட் இருக்கிறது. வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பது அந்த மொபைல் படம்.

அந்தப் பையன் எதையும் படித்துவிட்டுச் செய்திருக்க மாட்டான். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்திருக்கும். ஆனால் அவன் செய்த ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. நேராக முகத்துக்கு எதிரே வரவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தான், கண்ணைக் கண் பார்க்கவில்லை. வேற்றுமுகப் பருவத்தில் உள்ள பிள்ளையை நெருங்க இதுதான் வழி. ஒரு சாமானை நடுவில் விட்டான். பிள்ளை அதை எடுக்கும்வரை காத்திருந்தான். அது செய்ததையே திருப்பிச் செய்தான். நாம் செய்வதைப் பார்த்துப் பிள்ளை செய்வதைவிட, பிள்ளை செய்வதை நாம் செய்தால் அதற்குச் சந்தோஷம் அதிகம். அங்கன்வாடியில் எடை போடும்போது நான் இதைத்தான் செய்வேன். தராசுத் தொட்டிலில் பிள்ளையைத் தொங்கவிட்டு முள்ளைப் பார்க்க அரை நிமிடம் போதும். ஆனால் அதற்கு முன்னால் அது தராசின் சங்கிலியைத் தொட்டு, ஆட்டி, வேறொரு பிள்ளை ஏறி இறங்குவதைப் பார்க்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் பார்த்த நாட்களில்தான் மையமே அழுகையாக இருக்கும்.

பத்துப் பேர் பத்துப் பக்கமிருந்து கூப்பிடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. "குட்டிமா இங்க பாரு", "பாப்பா, காக்கா பாரு", ஒருவர் கைதட்ட, ஒருவர் சாவிக்கொத்தை ஆட்ட, இன்னொருவர் கிலுகிலுப்பை. பிள்ளை எந்தப் பக்கம் பார்க்கும்? கண் அலைபாயும், முகம் வெறித்துப்போகும், பிறகு அழும். உங்கள் பேச்சுக்கு அங்கே மதிப்பு உண்டு. "யாரும் கூப்பிடாதீங்க, அம்மா மட்டும் என் தோளுக்குப் பின்னால வந்து நில்லுங்க" என்று சொல்லிவிடுங்கள். கூப்பிடுகிற குரல் ஒன்றுதான் இருக்க வேண்டும். அது பிள்ளைக்குப் பழகிய குரலாக இருக்க வேண்டும். அம்மாவோ அப்பாவோ உங்கள் தலைக்குப் பின்னால் துண்டால் முகத்தை மூடி, "காணோம், காணோம்" என்று சொல்லித் திறந்தால், பத்து மாதத்துப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய வேடிக்கை கிடையாது. மறைந்த முகம் போய்விடவில்லை, திரும்ப வரும் என்று அது இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறது. முகம் வெளியே வரும் அந்த நொடிக்காக அதன் கண் அகலும். உங்களுக்கு வேண்டிய நொடியும் அதுதானே. நண்டு ஊரும் விளையாட்டும் அப்படித்தான். உள்ளங்கையில் தொடங்கி விரல்கள் ஊர்ந்து அக்குளுக்குப் போவதற்கு முன்பே, வரப்போகிறது என்று பிள்ளை சிரிக்கத் தொடங்கிவிடும்.

மொபைலில் கார்ட்டூன் போட்டுக் காட்டுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. அதை விடுங்கள், உங்கள் வேலைக்கே அது ஆகாது. திரையைப் பார்க்கிற பிள்ளையின் முகத்தில் ஒன்றும் இருக்காது. வாய் திறந்து, இமை தாழ்ந்து இருக்கும். மொபைலை வாங்கினால் அழும். பிறகு படத்துக்காக மறுபடி கொடுக்க வேண்டும்.

கையில் என்ன கொடுக்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். அன்று மேடையில் ஒரு தம்பி பாசத்தோடு கலர் மிட்டாய் இரண்டை எடுத்து நீட்டினார், நான் பாய்ந்து வாங்கினேன். கடலை, முழுத் திராட்சை, உருண்டை மிட்டாய், உடைந்த பலூன் துண்டு, பாவாடையிலிருந்து உதிர்கிற முத்து எல்லாம் தொண்டையில் சிக்குபவை. கழிவறைக் காகிதம் சுற்றி வரும் அட்டைக் குழாயின் துளைக்குள் போகிற எந்தச் சாமானும் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் கையில் இருக்கக் கூடாது என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு வயது ஆகாத பிள்ளைக்கு நாக்கில் தேன் தடவிச் சிரிக்கவைப்பதும் வேண்டாம், அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி அந்த வயதுக் குடலுக்கு ஆபத்து. எங்கள் ஊரில் இன்னும் தடவுகிறார்கள்.

பசியும் தூக்கமும்தான் பாதிக் காரணம், இல்லை, முக்கால் காரணம். நாலு மாதத்திலிருந்து ஒரு வயது வரை உள்ள பிள்ளைக்கு ஒரு நாளில் பகல் தூக்கமும் சேர்த்து 12 முதல் 16 மணி நேரத் தூக்கம் வேண்டும். என் பேத்தி தினமும் காலை ஒன்பதரைக்கும் மதியம் ஒன்றரைக்கும் தூங்குகிறவள். ஒன்பதரைக்கு ஆசாரி முன்னால் இருந்தாள், ஒன்றரைக்கு மேடையில் இருந்தாள். அட்வான்ஸ் வாங்கும்போது நீங்கள் நிறையக் கேட்கிறீர்கள். எத்தனை ஷீட், ட்ரோன் வேண்டுமா, எல்இடி திரை வேண்டுமா. "பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்கும், எத்தனை மணிக்குச் சாப்பிடும்" என்று ஒரு வரி சேர்த்துக் கேளுங்கள். அந்த இரண்டு நேரத்தையும் முதலில் எழுதிவிட்டு மற்றதை அதைச் சுற்றிப் போடுங்கள். முகூர்த்தத்தை மாற்ற முடியாது. மண்டபத்தில் நுழைகிற காட்சியை ஒரு மணி நேரம் தள்ளிப்போடலாம்.

பால் கொடுப்பதைப் பற்றி வெளிப்படையாகவே எழுதுகிறேன். அன்றைக்கு என் மருமகள் போட்டிருந்தது பின்பக்கம் கொக்கி வைத்த ஜாக்கெட். படத்தில் நன்றாக இருக்கும் என்று தைத்தது. பிள்ளை பாலுக்குத் தவித்தபோது அவளால் உடனே கொடுக்க முடியவில்லை. அறையைத் தேடி, இரண்டு பெண்கள் சேர்ந்து கொக்கியைக் கழற்றி, புடவையைத் திருத்திக் கட்டி வெளியே வர அரை மணி நேரம். அதற்குள் வெளியே இருந்து "மேடம், வெயிட்டிங்" என்று குரல். உங்களில் தங்கைகள் பலர் இப்போது கேமரா எடுக்கிறீர்கள், சந்தோஷமாக இருக்கிறது. தாய்மார்களிடம் உடையைப் பற்றி முன்கூட்டியே நீங்கள்தான் சொல்ல முடியும். பிள்ளைக்கும் அப்படியே. பட்டுப்பாவாடையின் ஜரிகை இடுப்பில் அறுக்கும், நெற்றிச்சுட்டி உறுத்தும், ரோஜா மாலையின் நார் கழுத்தைக் குத்தும். உள்ளே மெல்லிய பருத்தி போட்டு, பட்டைக் கடைசி நிமிடத்தில் போட்டு, எடுத்ததும் கழற்றிவிட்டால் பாதி அழுகை இல்லை. மொட்டை போட்டுச் சந்தனம் தடவிய தலையை வைகாசி வெயிலில் வைத்துப் படம் எடுக்க வேண்டாம். திண்ணை நிழலில், ஜன்னல் ஓரத்தில் வருகிற வெளிச்சம் எவ்வளவு அழகு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சத்தத்தையும் புகையையும் பற்றி நான் கெஞ்சித்தான் கேட்கிறேன். ட்ரோன் கீழே இறங்கும்போது என் பேத்தி அப்பாவின் சட்டைக்குள் முகத்தைப் புதைத்தாள். பேப்பர் வெடி வெடித்தபோது அவள் உடம்பு தூக்கிப்போட்டது. இப்போது பிறந்தநாள் கேக் பக்கத்தில் தீப்பொறி சீறுகிற பைரோவும் வைக்கிறார்கள். இதெல்லாம் பெரியவர்களின் கண்ணுக்கு. கேட்கிறது குடும்பம்தான், தெரியும். ஆனால் "பிள்ளை இருக்கிற ஷாட்டில் இது வேண்டாம்ங்க, நீங்க மட்டும் நடந்து வாங்க, நான் அதைத் தனியா எடுத்துடறேன்" என்று சொல்வதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

மேடை வேறு. அங்கே பிள்ளையை உட்காரவைப்பது நாங்கள்தான். மொய் எழுதியவர்கள் எல்லாரும் பிள்ளையோடு நிற்க வேண்டும் என்று நினைப்பதில் தப்பில்லை, அது உறவு. ஆனால் இருநூறு குடும்பத்துக்கும் பிள்ளை மடியில் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. அப்பா அம்மாவோடு நின்று எடுத்துக்கொள்ளலாம். தாய்மாமன், அம்மாச்சி, தாத்தா, அப்பத்தா, அத்தை என்று நெருங்கிய உறவுகளைக் காலையிலேயே, பிள்ளை தூங்கி எழுந்த முகத்தோடு இருக்கும்போதே, இருபது நிமிடத்தில் எடுத்துவிடலாம். இருபது நிமிடம் என்று நான் சொல்வது அங்கன்வாடிக் கணக்கு. அந்த வயதுப் பிள்ளை ஒரு இடத்தில், ஒரு விளையாட்டில் அதற்கு மேல் தங்காது. இருபது நிமிடம் எடுங்கள், பிறகு கேமராவைப் பைக்குள் வையுங்கள். பைக்குள் என்றால் உண்மையாகவே பைக்குள். தோளில் தொங்கிக்கொண்டிருந்தால் அது பிள்ளைக்குத் தெரியும்.

அழ ஆரம்பித்தால் என்ன செய்வது? அழுகைக்கு முன்னால் அடையாளங்கள் வரும். காதைத் தேய்க்கும், கண்ணைக் கசக்கும், தலையைத் திருப்பிக்கொள்ளும், முதுகை வளைக்கும், கையில் இருப்பதை எறியும். தலையைத் திருப்பிக்கொள்வதுதான் அது சொல்கிற முதல் "போதும்". அப்போதே நிறுத்திவிட்டால் பத்து நிமிடத்தில் திரும்பி வரும். "ஒரே ஒரு ஷாட்மா" என்று இழுத்தால் அன்றைய நாளே போய்விடும். பிள்ளை அழுதால் அது உங்கள் தோல்வி என்று நினைக்காதீர்கள். அழுகிற முகத்தையும் ஒன்று எடுத்து வையுங்கள், காது குத்தினால் பிள்ளை அழத்தானே செய்யும். அதைச் சிரிப்பாக மாற்றச் சொல்லி எங்கள் வீட்டார் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

பிறந்து பத்து, பதினைந்து நாளான பச்சைக்குழந்தையைக் கூடைக்குள் வைத்து எடுப்பது இப்போது நம் பக்கமும் வந்துவிட்டது. அதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் மிகவும் கவலையோடு சொல்கிறேன். இரண்டு கையிலும் தாடையை ஊன்றித் தவளை மாதிரி குழந்தை உட்கார்ந்திருக்கிற படம் ஒன்று சுற்றுகிறது. அது ஒரே படம் இல்லை. ஒருவர் குழந்தையின் தலையைப் பிடித்திருக்க ஒரு படம், கைகளைப் பிடித்திருக்க இன்னொரு படம், இரண்டையும் கம்ப்யூட்டரில் சேர்த்துப் பிடித்த கையை அழித்துவிடுவது. இது தெரியாமல் யாராவது நிஜமாகவே உட்காரவைத்துப் பார்த்தால் என்ன ஆகும்? பச்சைக்குழந்தைக்குக் கழுத்து நிற்க மூன்று, நாலு மாதம் ஆகும். உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளவும் அதற்குத் தெரியாது. உடையில்லாமல் ஏசி அறையில் படுக்கவைக்கக் கூடாது. தொடுகிற ஒவ்வொரு கையும் சோப்புப் போட்டுக் கழுவிய கையாக இருக்க வேண்டும், சளி, இருமல் இருந்தால் அன்றைக்கு வேறு ஆளை அனுப்ப வேண்டும். குழந்தை எப்படிப் படுத்துத் தூங்குகிறதோ அப்படியே எடுங்கள். தாய் மடியில் தூங்குவதை எடுங்கள். அதற்குமேல் பதினைந்து நாள் குழந்தையிடம் கேட்க ஒன்றுமில்லை.

எங்கள் பெட்டியில் இருக்கிற தம்பியின் குப்புறப் படத்தில் அவன் உடம்பில் துணி இல்லை. அந்தப் படம் ஐம்பது வருடமாக அந்தப் பெட்டியை விட்டு வெளியே போகவில்லை. நீங்கள் எடுக்கிற படம் அன்று சாயங்காலமே உங்கள் ஸ்டுடியோ பக்கத்தில் ஏறிவிடுகிறது. ஏற்றுவதற்கு முன்னால் பெற்றவர்களைக் கேட்டு எழுதி வாங்குங்கள். குளிக்கிற, உடை மாற்றுகிற படங்களைக் கேட்கவே வேண்டாம், ஏற்றாதீர்கள்.

சங்கத்தாரிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. நீங்கள் கொடுக்கிற கொட்டேஷன் தாளில் பிள்ளையின் தூக்க நேரம், சாப்பாட்டு நேரம் என்று இரண்டு கட்டம் அச்சடியுங்கள். நடந்து முடிந்த சடங்கை, அதிலும் வலிக்கிற சடங்கை, படத்துக்காகப் பிள்ளையை வைத்து மறுபடி செய்யச் சொல்ல மாட்டோம் என்று உங்களுக்குள் ஒரு முடிவு எடுங்கள். அந்த ஷாட் போனால் போகட்டும். ஆசாரியின் கையையும் தங்கக் கம்பியையும் தனியாக எடுத்து ஒட்டிக்கொள்ளுங்கள், உங்களால் முடியாததா? மாதக் கூட்டத்துக்கு ஒரு அங்கன்வாடி டீச்சரைக் கூப்பிட்டு அரை மணி நேரம் பேச வையுங்கள். என்னைக் கூப்பிட்டாலும் வருவேன். பஸ் செலவு வேண்டாம்.

அன்றைக்கு ராத்திரி என் பேத்தி மூன்று தடவை திடுக்கிட்டு எழுந்தாள். மறுநாள் காலையில் என் மகன் சும்மா ஒரு படம் எடுக்கலாம் என்று மொபைலைத் தூக்கினான். அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். ஒரு மாதம் ஆயிற்று அது போக.

வருகிற தை மாதம் என் தங்கை பேரனுக்கு ஒரு வயது நிறைகிறது. வீட்டிலேயே செய்கிறோம், எழுபது, எண்பது பேர். படம் எடுக்க ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பையன் காலை பத்து மணிக்குத் தூங்கிப் பதினொன்றே காலுக்கு எழுந்திருப்பான், எழுந்ததும் இட்லி சாப்பிடுவான். அதற்குப் பிறகு பன்னிரண்டு மணி வரை நல்ல குணமாக இருப்பான். முந்தின நாள் சாயங்காலம் ஒரு தடவை வந்து, கேமரா இல்லாமல், அவனோடு அரை மணி நேரம் தரையில் உட்கார முடிகிறவர்கள் வந்தால் போதும். அவனுக்கு மூடியோடு கூடிய சம்படம் ரொம்பப் பிடிக்கும்.

அன்புடன்,
ஓர் அப்பத்தா
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்
திண்டுக்கல் மாவட்டம்